பூர்வகுடிகளுக்கு 170 கோடி டாலர்... அவர்கள் கைக்குப் போனது எவ்வளவு? நிதி கேட்கும் புரொபோசலை எடைபோடுவது எப்படி?

2021 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தது. அங்கே பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, நார்வே, நெதர்லாந்து ஆகிய ஐந்து அரசுகளும் 17 தனியார் நிதி அமைப்புகளும் சேர்ந்து ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டன. பூர்வகுடி மக்களும் உள்ளூர்ச் சமூகங்களும் தங்கள் காட்டையும் நிலத்தையும் காப்பாற்றிக்கொள்ள, 2025-க்குள் 170 கோடி டாலர் தருவோம் என்றன.

சரி, பணம் வந்ததா? வந்தது. ஆனால், அந்த நிதியாளர்கள் குழுவே வெளியிட்ட ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். முதல் ஆண்டில் கொடுத்த தொகையில் பூர்வகுடி, உள்ளூர்ச் சமூக அமைப்புகளுக்கு நேரடியாகப் போனது 7 சதவீதம்தான். 2022-ல் அது 2.1 சதவீதமாகச் சரிந்தது. 2023-ல் கொஞ்சம் தேறி 10 சதவீதத்தைத் தாண்டியது. மீதியெல்லாம் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், அரசுத் துறைகள் என இடையில் இருப்பவர்கள் வழியாகப் போனது.

இதைப் பார்த்து யாரோ பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லாமே விதிப்படிதான் நடந்தது. அதான் சிக்கலே! ஒவ்வொரு டாலரும் ஒரு 'புரொபோசல்' வழியாகத்தான் போகிறது. அதை யாரோ ஒருவர் படித்து, மார்க் போட்டு, "இதற்குக் கொடுக்கலாம்" என்று டிக் அடிக்கிறார். அவர் எதைப் பார்த்து டிக் அடிக்கிறார் என்பதுதான் பணத்தின் பாதையைத் தீர்மானிக்கிறது.

நீங்கள் ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் டீமில் இருக்கலாம். தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கலாம். ஆன்லைனில் நன்கொடை கொடுப்பவராக மட்டும்கூட இருக்கலாம். வெளிநாட்டு அமைப்பும் பூர்வகுடிச் சமூகமும் 'பார்ட்னர்' என்று சொல்லிக்கொண்டு நிதி கேட்டு வரும்போது, எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி 1: இந்தத் திட்டத்தை யார் கேட்டது?

கென்யாவின் வடமேற்கில், பாலைவனத்துக்கு நடுவே துர்கானா ஏரி இருக்கிறது. அந்தப் பகுதியில் வாழும் துர்கானா மக்களில் பெரும்பாலோர் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்ப்பவர்கள். வறட்சி வந்தால் கால்நடை சாகும், பஞ்சம் வரும். ஏரியிலோ மீன் நிறைய இருக்கிறது. 'பேசாமல் இவர்களை மீனவர்களாக்கிவிட்டால் என்ன?' என்று நார்வே அரசின் உதவி அமைப்பு யோசித்தது. 1970-களில் திட்டமிட்டு, ஏரிக்கரையில் கலோகோல் என்ற இடத்தில் மீனைப் பதப்படுத்தி உறைய வைக்கும் ஆலையைக் கட்டினார்கள். செலவு சுமார் 2.2 கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது.

ஆலை திறந்தது. சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள். கொதிக்கும் வெயிலில் ஃப்ரீசரை ஓட்டும் செலவு, மீன் விலையைவிட அதிகமாக இருந்தது. சுத்தமான தண்ணீர் ஏராளமாகத் தேவைப்பட்டது. பாலைவனத்தில் அதற்கு எங்கே போவது? போதாக்குறைக்கு ஏரி நீர்மட்டம் இறங்கி, மீன் அதிகம் கிடைத்த வளைகுடாவும் வறண்டது.

'துர்கானா மக்கள் மீனே சாப்பிட மாட்டார்கள், அதுகூடத் தெரியாமல் கட்டிவிட்டார்கள்' என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. ஏரியை ஒட்டி வாழ்ந்த சிலர் மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால், அந்தச் சமூகத்தில் சொத்து, சீர், கௌரவம் எல்லாமே கால்நடையில்தான். மீன்பிடித்துச் சம்பாதித்தால் அந்தக் காசில் ஆடு வாங்குவதுதான் அவர்களுக்கு முன்னேற்றம். 'மேய்ப்பர்கள் மீனவர்களாக மாற வேண்டும்' என்பது வெளியிலிருந்து வந்த கனவு.

காகிதத்தில் பார்த்தால் இது அருமையான புரொபோசல். பிரச்சினை பஞ்சம், வளம் மீன், தீர்வு ஆலை. எல்லாம் கணக்காகப் பொருந்துகிறது. அதனால்தான் முதல் பக்கத்தில் 'பிரச்சினை' என்ற தலைப்பின்கீழ் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதை யார் சொன்னார்கள் என்று தேடுங்கள். சமூகத்தின் கூட்டத்தில் வந்த கோரிக்கையா? அவர்கள் ஏற்கெனவே சொந்தமாகச் செய்துகொண்டிருக்கும் வேலையின் தொடர்ச்சியா? அல்லது நிதி அமைப்பின் இந்த ஆண்டு 'தீம்' எதுவோ, அதற்கேற்ப எழுதியதா?

கேள்வி 2: அவர்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா?

2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பூர்வகுடி மக்களின் உரிமைகள் குறித்த பிரகடனத்தை ஏற்றது. இந்தியா உட்பட 144 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் எதிர்த்தன. பின்னாளில் அவையும் மனம் மாறின. அந்தப் பிரகடனத்தின் முதுகெலும்பு ஒரு கருத்து: சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல்.

சிம்பிளாகச் சொன்னால், மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் கேட்க வேண்டும். திட்டம் முடிவாவதற்கு முன்பே கேட்க வேண்டும். அவர்கள் மொழியில், நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். 'மாட்டோம்' என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

ஏறக்குறைய எல்லாப் புரொபோசலிலும் 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். பின்னிணைப்பில் கூட்டத்தின் போட்டோவும் கையெழுத்துப் பட்டியலும் இருக்கும். ஆனால், வருகைப் பதிவு ஒப்புதல் ஆகாது. சாப்பாடு போட்டால் கூட்டம் வரும், கையெழுத்தும் கிடைக்கும். உண்மை தெரிய வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மக்கள் சொன்னதால் இந்தத் திட்டத்தில் எது மாறியது?" இடம் மாறியது, காலம் மாறியது, ஒரு பகுதியையே தூக்கிவிட்டோம் என்று பதில் வந்தால் அங்கே உண்மையான பேச்சு நடந்திருக்கிறது. 'எதுவும் மாறவில்லை' என்றால், தகவல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் கென்யாவே உதாரணம். அங்கே செரங்கானி மலைக் காடுகளில் செங்வேர் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். வனத்துறை அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி வெளியேற்றி வந்தது. உலக வங்கி நிதியளித்த ஒரு திட்டம் தொடர்பாக 2013-லேயே வங்கியின் ஆய்வுக் குழுவிடம் செங்வேர் மக்கள் புகார் கொடுத்தார்கள். அந்தப் புகார் பொதுவெளியில் இருந்தது. அதற்குப் பிறகும், அந்த மலைகளை உள்ளடக்கிய நீர்வளப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 3.1 கோடி யூரோ ஒதுக்கியது. நோக்கம் நல்லதுதான்: காட்டைக் காப்பது, ஆறுகளைக் காப்பது. ஆனால், வெளியேற்றம் நிற்கவில்லை. 2018 ஜனவரியில் வனக்காவலர்கள் சுட்டதில் செங்வேர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் நிதியை நிறுத்திவைத்தது.

எனவே, புரொபோசலை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அந்த ஊரின் பெயர், அந்த மக்களின் பெயர், 'நிலம்', 'வெளியேற்றம்', 'வழக்கு' என்று கூகுளில் தேடுங்கள். அரை மணி நேர வேலை. இதற்கு முன்பு அங்கே யார் என்ன செய்தார்கள், என்ன புகார் இருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி 3: சமூகத்தின் பெயரில் கையெழுத்து போட்டது யார்?

'சமூகம் ஒப்புக்கொண்டது' என்ற வாக்கியத்தில் 'சமூகம்' என்பது யார்? பூர்வகுடி மக்களிலும் பணக்காரர், ஏழை, ஆண், பெண், ஊர்த் தலைவர், அவரை எதிர்ப்பவர் என எல்லாரும் இருப்பார்கள். 'அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள்' என்று நினைப்பது பாசமாகத் தெரியலாம். அது ஒருவகை அலட்சியமும்கூட.

பிரேசிலின் அமேசான் பகுதியில் முண்டுருக்கு என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் நிலத்திலுள்ள காட்டின் கார்பன் உரிமையை 30 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் கொடுத்து ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்க ஒப்பந்தம் போட்டிருப்பதாக 2012-ல் செய்தி வெளியானது. சில தலைவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால், நிறுவனத்தைக் கேட்காமல் தங்கள் சொந்த நிலத்தில் பயிர் வைக்கவோ மரம் வெட்டவோ முடியாது என்ற நிபந்தனை தெரியவந்ததும், முண்டுருக்கு மக்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு கிளம்பியது. பிரேசில் அரசின் பூர்வகுடிகள் விவகார அமைப்பும் இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லாது என்றது.

அதனால், கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி நிலம் சார்ந்த முடிவை யார் எடுப்பார்கள்? பெண்கள் தனியாகக் கூடிப் பேச வாய்ப்பு இருந்ததா? எதிர்ப்புச் சொன்னவர்கள் யார், ஏன் எதிர்த்தார்கள்? 'யாருமே எதிர்க்கவில்லை' என்று ஒரு புரொபோசல் சொன்னால், இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்.

கேள்வி 4: பட்ஜெட்டில் யார் முடிவெடுக்கிறார்?

பட்ஜெட்டில் 'சமூகத்துக்கு 30 சதவீதம்' என்று இருந்தால் நமக்கு ஓகே என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

மொத்த நிதி 5 லட்சம் டாலர். சர்வதேச அமைப்பின் நிர்வாகச் செலவு 60,000. வெளிநாட்டு ஆலோசகர்கள், விமானம், ஹோட்டல் 1,10,000. தலைநகரில் உள்ள அலுவலகத்தின் சம்பளமும் வாகனங்களும் 1,30,000. கண்காணிப்பு, அறிக்கை, ஆடிட் 50,000. கூட்டினால் 3,50,000. மீதி 1,50,000 டாலர் 'சமூகத்துக்கு'. ஆக, 30 சதவீதம் சரிதான்.

இப்போது அந்த 1,50,000-ஐப் பிரித்துப் பாருங்கள். அதில் 90,000 டாலர் பயிற்சிப் பட்டறைகளுக்கு. பயிற்சி கொடுப்பவரை, இடத்தை, தலைப்பை முடிவு செய்வது சர்வதேச அமைப்பு. சமூகம் தன் கூட்டத்தில் பேசி, தானே முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடியது 60,000. அதாவது, 12 சதவீதம்.

இந்த வித்தியாசம்தான் முக்கியம். 'அவர்களுக்காக' செலவழிப்பது வேறு, 'அவர்களால்' செலவழிக்கப்படுவது வேறு. பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இதை யார் முடிவு செய்கிறார்?' என்று ஒரு காலம் போட்டுப் பாருங்கள். பாதிப் புரொபோசல்களின் உண்மையான முகம் தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிர்வாகச் செலவு என்றாலே வீண்செலவு என்று வெட்டுவதும் தப்பு. மலைக் கிராம அமைப்புக்கும் கணக்காளர் வேண்டும், வாடகை கட்ட வேண்டும், நாலு மணி நேரம் ஜீப்பில் போய் வங்கியைப் பார்க்க வேண்டும். பெரிய அமைப்புக்கு நிர்வாகச் செலவை அனுமதித்துவிட்டு, சமூக அமைப்பை மட்டும் 'இலவசமாக வேலை செய்' என்று சொல்லும் பட்ஜெட்டுக்குக் கூட்டாண்மை என்று பெயர் வைக்க முடியாது.

கேள்வி 5: தகவலும் அறிவும் யாருக்குச் சொந்தம்?

மூலிகை, விதை, காட்டு வழித்தடம், கதை, பாட்டு என எதையாவது 'ஆவணப்படுத்துவோம்' என்று பல புரொபோசல்களில் இருக்கும். ஆவணம் யாரிடம் இருக்கும்?

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க ஹூடியா என்ற செடியை மெல்வார்கள். 1990-களில் அந்நாட்டு அரசு ஆராய்ச்சி மன்றம் அந்தப் பசியடக்கும் தன்மைக்குக் காப்புரிமை வாங்கியது. சான் மக்களைக் கேட்கவே இல்லை. போராடிய பிறகு, 2003-ல்தான் வருமானத்தில் பங்கு தரும் உடன்பாடு வந்தது. அந்த அனுபவமும் இன்னும் பல கசப்புகளும் சேர்ந்து, 2017-ல் சான் மக்கள் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை ஆகிய நான்கும் இருந்தால் வாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

புள்ளிவிவரங்களிலும் கவனம் தேவை. 'உலகின் பல்லுயிர் வளத்தில் 80 சதவீதம் பூர்வகுடிகளின் நிலத்தில்தான் இருக்கிறது' என்ற வரியை எத்தனையோ அறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று 2024-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் குழு ஒன்று எழுதியது. அந்தக் குழுவில் பூர்வகுடி ஆய்வாளர்களும் இருந்தார்கள். உண்மையான ஆதாரமே போதுமான வலுவோடு இருக்கிறது: உலக நிலப்பரப்பில் கால்பங்குக்கும் மேல் பூர்வகுடிகளின் பராமரிப்பிலோ உரிமையிலோ இருப்பதாக 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மார்க் போடும் முறையிலேயே கோளாறா?

வழக்கமான மதிப்பீட்டுத் தாளில் நூறு மார்க். திட்ட வடிவமைப்புக்கு இவ்வளவு, பட்ஜெட்டுக்கு இவ்வளவு, அமைப்பின் திறனுக்கு இவ்வளவு, 'சமூகப் பங்கேற்பு'க்கு 10 அல்லது 15 என்று இருக்கும். இப்படி வைத்தால், பங்கேற்பில் பூஜ்யம் வாங்கிய திட்டம்கூட மற்றவற்றில் அள்ளி, 85 மார்க்கோடு முதலிடம் பிடிக்கலாம்.

ஒப்புதலும் நில உரிமையும் மார்க் போடும் விஷயங்கள் இல்லை. அவை நுழைவாயில். அதைத் தாண்டினால்தான் மற்றதைப் படிக்கவே வேண்டும்.

'திறன்' என்ற தலைப்பும் ஒரு பொறிதான். மூன்று ஆண்டு ஆடிட் அறிக்கை, ஆங்கிலத்தில் 40 பக்கம், ஆறு வாரக் கெடு, ஆன்லைன் போர்ட்டல். இதையெல்லாம் தாண்டி வருபவர் யார்? புரொபோசல் எழுதவே ஆள் வைத்திருப்பவர். அவர் ஆங்கிலத்துக்கு நாம் கொடுக்கும் மார்க், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்திலிருந்து பறித்த மார்க். காட்டை நூறாண்டு காத்தவர்களுக்குத் 'திட்ட மேலாண்மை அனுபவம் இல்லை' என்று எழுதுவது இப்படித்தான் நடக்கிறது.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் பூர்வகுடி அமைப்புகளுக்குச் சிறு நிதி கொடுக்கிறது. அதன் வாரியத்தில் பெரும்பான்மை பூர்வகுடித் தலைவர்கள். களத்தில் அதை நடத்துவதும் அவர்களின் அமைப்புகளே; ஆசியாவுக்கு பிலிப்பைன்ஸைச் சேர்ந்த தெப்தெப்பா, ஆப்பிரிக்காவுக்கு கென்யாவின் சம்புரு பெண்கள் அறக்கட்டளை. உலக வங்கி வழியாக வரும் பிரத்யேக மானியத் திட்டம் ஒன்றில், எந்தப் புரொபோசலுக்குப் பணம் என்பதை ஒவ்வொரு நாட்டிலும் பூர்வகுடி, உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதிகளின் குழுவே முடிவு செய்கிறது.

நிகரகுவாவின் மிஸ்கிட்டோ இனத்தைச் சேர்ந்த மிர்னா கன்னிங்ஹாம் தலைமை வகித்த பவாங்கா நிதியம் இன்னொரு மாதிரி. விண்ணப்பம் போடச் சொல்லி விளம்பரம் கொடுப்பதில்லை. அந்தந்தப் பகுதியை அறிந்த பூர்வகுடி வழிகாட்டிகள் மூலம் சமூகங்களைத் தேடிப் போகிறது. பிரேசில் அமேசானில் பொதாலி, இந்தோனேசியாவில் 2023-ல் தொடங்கிய நுசாந்தரா என்று பூர்வகுடிகளின் சொந்த நிதியங்களும் வந்துவிட்டன.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே சட்டமும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் செய்த திருத்தத்தின்படி, வெளிநாட்டு நிதி வாங்கிய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. எந்த மூலையில் இருக்கும் அமைப்பும் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கு தொடங்கியாக வேண்டும். எனவே, 'சிறு பழங்குடி அமைப்புக்குத் துணை மானியம் தருவோம்' என்று ஒரு சர்வதேசப் புரொபோசல் இந்தியாவைப் பற்றிச் சொன்னால், அதை எழுதியவருக்கு நம் சட்டம் தெரியவில்லை என்று அர்த்தம்.

அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. நீலகிரியில் பழங்குடியினரே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் எக்வேட்டர் பரிசைப் பெற்றது. தேன், காபி, மிளகு என்று அவர்கள் சேகரித்து, விளைவித்து விற்பதில் வரும் லாபத்தை என்ன செய்வது என்பதும் அவர்கள் முடிவுதான்.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு புரொபோசலில் இவற்றில் இரண்டு இருந்தால்கூட நிதானியுங்கள்:

- சமூகத்தின் பெயர் 20 இடங்களில் வருகிறது. ஆனால், வங்கிக் கணக்கு, ஒப்பந்தம், கையெழுத்து எதிலும் அவர்கள் இல்லை.
- ஒப்புதலுக்கென்று தனியாகக் காலமோ பணமோ ஒதுக்கவில்லை.
- நிலம் யாருடையது என்ற கேள்விக்கு 'அரசு நிலம்' என்று ஒரே வரியில் பதில்.
- புகார் சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கிறது. அந்தக் கிராமத்தில் சிக்னலே கிடையாது.
- மூன்றாண்டு முடிந்து வெளி அமைப்பு கிளம்பிய பிறகு என்ன என்பது பற்றிப் பேச்சே இல்லை.

நேரில் போக முடியாவிட்டாலும், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து, பார்ட்னர் அமைப்பின் ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், சமூகத்தைச் சேர்ந்த நாலு பேரிடம் வீடியோ காலில் பேசுங்கள். "இந்தத் திட்டம் உங்களுக்கு எப்போது தெரியும்? பட்ஜெட்டைப் பார்த்தீர்களா?" என்ற இரண்டு கேள்வி போதும்.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் நிதியாளர்கள் மறுபடியும் உறுதி கொடுத்திருக்கிறார்கள்: 2030 வரை 180 கோடி டாலர். தொகை கூடியிருக்கிறது, சரி. மதிப்பீட்டுத் தாள் பழையதாகவே இருந்தால், அடுத்த ஆண்டறிக்கைகளிலும் அதே சின்னச் சதவீதங்களைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.